சுத்தம்பண்ணுகிறார்: மூன்றாவது கவாத்தில் காய்த்த பன்னீர் திராட்சை

34 கொத்து. நேற்று மாலை பந்தலுக்கடியில் நின்று இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் அதே 34. கவாத்து செய்து, அதாவது கொடியின் கம்புகளை வெட்டிவிட்டு, இன்று 47ஆம் நாள். பூ உதிர்ந்து, மிளகளவு பிஞ்சு பிடித்திருக்கிறது. இரண்டு வருடம் இலையை மட்டுமே பார்த்த கண்ணுக்கு இது பெரிய காட்சி.

2022 ஜூனில் காம்பவுண்டு ஓரம் நட்ட கொடி. ஒரே தண்டாக மாடிக்கு ஏற்றி, 12க்கு 10 அடி கம்பிப் பந்தலில் பரப்பினேன். அதெல்லாம் வழக்கமான வேலைதான், நீட்டி எழுத ஒன்றுமில்லை. கவாத்தில்தான் இரண்டு முறை தோற்றேன். அதைத்தான் விரிவாக எழுத வேண்டும். பந்தலுக்கடியில் வைத்திருக்கும் நோட்டில் அன்றன்றைய வேலையோடு, அன்று மனதில் தைத்த பைபிள் வசனத்தையும் குறித்து வருகிறேன். அதில் யோவான் 15:2 மட்டும் ஏழு இடத்தில் இருக்கிறது.

முதல் கவாத்து, 2024 ஜனவரி. வெட்ட மனம் வரவில்லை. கம்புகளின் நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது கண் (துளிர் வரும் மொட்டு) இருக்கும்படி விட்டுவிட்டேன். நுனிக் கண்கள் மட்டும் முளைத்து நீளமாக ஓடின. அடியிலிருந்த கண்கள் தூங்கிப்போயின. நிழலுக்குக் குறையில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பந்தலைப் பார்த்து மெச்சினார்கள். கொத்து மூன்று, அதுவும் விரல் நீளம்.

இரண்டாவது, 2025 ஜனவரி. இந்தத் தடவை ஒரு வீடியோவைப் பார்த்துத் துணிந்து, எல்லாக் கம்பையும் இரண்டு கண் விட்டு ஒட்ட வெட்டினேன். இலை முளைத்தது, கொத்து ஒன்றுகூட இல்லை. அந்த வீடியோ தாம்சன் சீட்லெஸ் ரகத்துக்கானது என்று பிறகுதான் தெரிந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே தெளிவாக இருக்கிறது: தாம்சனுக்கு இரண்டு கண், பன்னீருக்கு நாலு முதல் ஐந்து கண். வீட்டில் திராட்சை வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் ரகம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரகத்தைச் சொல்லாமல் "திராட்சைக் கவாத்து" என்று பொதுவாகச் சொல்லித் தருவதை நம்பி நான் ஒரு வருடத்தை இழந்தேன்.

அந்த மே மாதம் என் மனைவி, கொடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முருங்கை வைக்கலாம் என்றாள். லூக்கா 13இல் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் எஜமானிடம் கெஞ்சுகிறானே, "இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று, அதையேதான் அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் அவன் சொன்னபடி சுற்றிலும் கொத்தி எருப் போடுங்கள்" என்றாள். போட்டேன். இரண்டு கூடை மட்கிய சாணம்.

அப்புறம்தான் கூடலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் தாண்டினாலே பந்தல் பந்தலாகப் பன்னீர்தான். 1832இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு குருவானவர்தான் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நற்செய்தி சொல்ல வந்தவர் கையில் ஒரு திராட்சைக் குச்சியும் இருந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

அண்ணன் என் போனில் பந்தல் படங்களைப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு அடைசலா இருந்தா கண்ணுக்கு எப்படி வெயில் படும்? வெயில் படாத கண்ணுல கொத்து கட்டாது. வர்ற ஜூன்ல காய்க்கு ஆசைப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு கண்ணு விட்டு வெட்டுங்க. வர்ற புதுக் கம்பை இடைவெளி விட்டுப் படர விட்டு, வெயில்ல முத்த விடுங்க. தை பிறக்கிறதுக்கு முன்னாடி பென்சில் கனத்துல இருக்கிறதை நாலஞ்சு கண்ணுல வெட்டுங்க. ஒல்லியா இருக்கிறதை ஒண்ணு ரெண்டுல நிறுத்துங்க. அது அடுத்த வருஷத்துக்கு."

இந்தப் பேச்சில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இன்று வெட்டும் கம்பின் கண்ணுக்குள், சில மாதங்களுக்கு முன்பே கொத்தின் கரு உருவாகியிருக்கும். அது உருவாகும் காலத்தில் வெளிச்சம் கிடைத்ததா, கம்புக்குத் தெம்பு இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் கொத்தா, வெறும் இலையா என்பது முடிவாகிறது. கவாத்து கொத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை எழுப்பிவிடுகிறது. நான் இரண்டு வருடம் ஜனவரியில் தவறு தேடிக்கொண்டிருந்தேன். தவறு அதற்கு முந்தைய ஆகஸ்டில், யாரும் கவனிக்காத நாட்களில் நடந்திருக்கிறது.

2025 ஜூனில் அவர் சொன்னபடி வெட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கு வந்து, "ஐயோ, ஏன் இப்படி மொட்டையாக்கிட்டீங்க?" என்று வருத்தப்பட்டார். அடுத்த மாதமே என் வாழ்க்கையிலும் ஒரு கவாத்து நடந்தது. குரல் நாணில் முடிச்சு. பாடக் கூடாது என்றார் மருத்துவர். 22 வருடம் பாடகர் குழுவில் டெனர் பாடியவன், ஞாயிறு ஆராதனையில் பின் வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். எந்தப் பாவத்துக்காக இந்தத் தண்டனை என்று பல ராத்திரிகள் யோசித்தேன். ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்து, மாடியில் புதுக் கம்புகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டிக்கொண்டிருப்பேன். அந்த ஆகஸ்டும் செப்டம்பரும் அப்படியே போயின.

சரி, இந்த ஜனவரி 3ஆம் தேதிக்கு வருகிறேன். சனிக்கிழமை. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டேன். முதலில் மிச்சமிருந்த இலை எல்லாவற்றையும் உருவினேன். பிறகு கம்பு ஒவ்வொன்றின் கனத்தையும் உண்மையாகவே ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தேன். நல்ல கனத்தில் 27, ஒல்லி 11. நல்லது என்றால் கனம் மட்டும் போதாது, பட்டை பழுப்பாக முத்தியிருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் அது எவ்வளவு தடித்திருந்தாலும் கணக்கில் சேராது.

வெட்டும் இடம்தான் முக்கியம். அடியில் தண்டோடு ஒட்டியிருக்கும் பொடிக் கண்ணை எண்ணக் கூடாது. அதற்கு மேலிருந்து எண்ணி, கடைசிக் கண்ணுக்கு அரை அங்குலம் மேலே வெட்ட வேண்டும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துவிடும். இரண்டு அங்குலம் விட்டால் அந்தக் கட்டை கருகி, நோய்க்கு வாசலாகிவிடும். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், சரிவு கண் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. ஏன் என்று அன்று மதியமே பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு முனையிலிருந்தும் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பந்தல் முழுக்க. கீழே தரை நனைந்தது. கண் பக்கமாகச் சரிந்திருந்தால் அத்தனையும் கண்ணின் மேல் வழிந்திருக்கும்.

இது கொடிக்குக் கெடுதல் இல்லை, வேர் உயிரோடு தண்ணீரை மேலே தள்ளுகிறது என்பதற்கு அடையாளம். தெரிந்திருந்தும் மனம் கலங்கிவிட்டது. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்ற 56ஆம் சங்கீத வரி தானாக வந்தது. துருத்தி என்றால் திராட்சரசம் ஊற்றி வைக்கும் அதே தோல் பைதானே! இத்தனை வருடம் அந்த வரியைப் பாடியிருக்கிறேன், இந்தப் பந்தலுக்கடியில் நின்றுதான் அது உறைத்தது. ஆறு நாள் சொட்டிவிட்டு நின்றது.

இந்த இடத்தில் கருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடமும் என்னிடம் இருந்தது, ஒரு அலகு தட்டையான கட்டையில் போய் இடிக்கும் வகைக் கத்தரி. விலை குறைவு, ஆனால் கம்பை நசுக்கிவிடும். நசுங்கிய முனை ஆறாது. இப்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை வாங்கியிருக்கிறேன். உரக்கடையில் "செக்கேச்சர்" என்று கேட்டால் இரண்டையும் காட்டுவார்கள், கையில் வாங்கித் திறந்து பார்த்து எடுங்கள். வெட்டுவாயில் போர்டோ கலவை (பூஞ்சண மருந்து) தடவ, மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) பளிச்சென்ற நீலக் கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு நீற்றாததாக இருக்கட்டும். லிட்டருக்குப் பத்து கிராம் துத்தம், பத்து கிராம் சுண்ணாம்பு, பிளாஸ்டிக் வாளியில். தீட்டிய இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நான் முதல் நாளே தடவி, சொட்டிய நீரில் எல்லாம் கழுவிப் போய்விட்டது. சொட்டு நின்ற பிறகு மறுபடி தடவினேன்.

இதிலெல்லாம் நான் பாடம் தேடுவதில்லை. துத்தத்துக்கு ஒரு வசனம், சுண்ணாம்புக்கு ஒரு வசனம் என்று தேட ஆரம்பித்தால் கொடியும் நமக்குப் புரியாது, வசனமும் புரியாது. கொடி முதலில் ஒன்றைக் காட்ட வேண்டும், அப்புறம்தான் நோட்டில் வசனம் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

அப்படிக் காட்டியதுதான் யோவான் 15:2. பிதாவைத் திராட்சைத் தோட்டக்காரராகவும் சீஷர்களைக் கொடிகளாகவும் இயேசு சொல்லும் இடம். "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்." கொடியை யாராவது சுத்தம் பண்ணுவார்களா, வெட்டத்தானே செய்வார்கள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி. கத்தோலிக்க நண்பர் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் "கழித்து விடுவார்" என்று இருக்கிறது. தோட்டத்துப் பேச்சுக்கு அது நெருக்கம். ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லும், அடுத்த வசனத்தில் "நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்" என்று வரும் சொல்லும் ஒரே வேர். "கழித்து" என்று படித்தால் அந்தத் தொடர்பு காதில் விழாது. சீஷர்களைச் சுத்தமாக்கிய அதே அன்போடு கொடியிலும் கை வைக்கிறார். அதுவும் எந்தக் கொடியில்? ஏற்கெனவே கனிகொடுக்கிற கொடியில். தண்டனை என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. 27 கம்பையும் வெட்டும்போது அவை எதன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கம்பு என்பதால்தான் எண்ணி எண்ணி வெட்டினேன். ஆறு மாதமாக ராத்திரியில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, ஏணியில் நின்றபடி பதில் கிடைத்தது. கொஞ்ச நேரம் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

அதே வசனத்தின் முதல் பாதியில் வரும் "அறுத்துப்போடுகிறார்" என்பதற்கு "தூக்கிக் கட்டுகிறார்" என்றும் பொருள் கொள்ளலாம் என்று சிலர் விளக்குவதுண்டு. கிரேக்கச் சொல்லுக்குத் தூக்குதல் என்ற பொருள் உண்டுதான். கேட்க ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் 6ஆம் வசனத்தில் எறியுண்ட கொடி உலர்ந்து நெருப்புக்குப் போகிறதே. அந்தக் கடுமையை நான் மழுப்ப விரும்பவில்லை. வெட்டிப் போட்ட கம்புகளையும் பார்த்தேன். பந்தலுக்கு முளைக்குச்சி செய்யலாம் என்று ஒன்றைச் செதுக்கினேன், ஒடிந்தது. எசேக்கியேல் 15 இதைத்தான் சொல்கிறது: திராட்சை மரத்தில் ஒரு முளைகூடச் செய்ய முடியாது. காய்க்காவிட்டால் அந்த மரத்துக்கு வேறு பயன் கிடையாது.

பத்தாம் நாளுக்குப் பக்கத்தில் கண்கள் பொம்மின. துளிர் நாலு இலை விட்டதும் கொத்து தெரிய ஆரம்பித்தது. சாம்பல் நோய் ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது, நனையும் கந்தகம் ஒரு தடவை அடித்ததில் நின்றது.

வெட்டிய கம்புகளில் எட்டைப் பையில் வேர்விட வைத்திருக்கிறேன், ஆறு துளிர்த்திருக்கின்றன. இரண்டு, ஆலயத்தின் பின்பக்க மதிலுக்கு. அடுத்த வருடம் டாக்ரிட்ஜ் என்ற திராட்சை ரகத்தின் வேர்ச்செடி வாங்கி, அதன் மேல் பன்னீரை ஒட்டுக் கட்டிப் பார்க்கவும் ஆசை. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை அது தாங்கும். ரோமர் 11இல் வரும் ஒலிவமர ஒட்டு பற்றி அப்போது எழுத நிறைய இருக்கும். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் மூன்று பிள்ளைகள் என்னிடம் டோனிக் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று பாட்டைப் படிக்கும் முறை) படிக்க வருகிறார்கள். பாடிக் காட்ட முடியாது, கையால் மட்டுமே காட்டுகிறேன். அவர்கள் பிடித்துக்கொள்ளும் வேகம் எனக்கே ஆச்சரியம். இவர்களுக்கும் ஆளுக்கொரு நாற்று உண்டு.

அதற்கு முன்னால் இந்தக் கட்டத்தில் ஒரு வேலை பாக்கி. ஒரு துளிருக்கு ஒரு கொத்துதான் வைக்க வேண்டும். இரட்டைக் கொத்து ஒன்பது துளிரில் இருக்கிறது. அதாவது 34இல் ஒன்பதைக் கிள்ள வேண்டும். பிஞ்சு பெரிதாகும் முன் செய்தால்தான் மிச்சம் 25ம் திரளும். மே முதல் வாரம் அறுவடை என்பது கணக்கு. லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கிவிட்டது, ஈஸ்டருக்குப் பழம் வராது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு நற்கருணைக்குப் பிழிந்து கொடுக்கலாமா என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.

நேற்றே கிள்ளியிருக்கலாம். எண்ணிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன் செய்ய வேண்டும். கத்தரியைச் சாணை பிடித்து வைத்தாயிற்று.