பெஞ்சிலிருந்து வந்தவர்
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஜாக் கோல்கியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 2024 மார்ச்சில் கென்டக்கி பல்கலைக்கழக அணிக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 10 மூன்று புள்ளிக் கூடைகள், மொத்தம் 32 புள்ளிகள்! அவருடைய ஓக்லாந்து பல்கலைக்கழக அணி (கலிபோர்னியா அல்ல, மிச்சிகன்) 80-76 என்று வென்றது. வளையத்துக்கு அருகில் போவதே அவருக்குப் பிடிக்காது போலும். அந்தப் பருவம் முழுக்க எறிந்தவை ஏறக்குறைய எல்லாமே தூரத்து எறிகள்தான். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் இருந்தவர். கென்டக்கியை வென்ற பிறகு அடுத்த ஆட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

அந்தக் கோடையில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, தோற்ற கென்டக்கி அணியின் ஷெப்பர்டை 3ஆவதாகவும் டில்லிங்காமை 8ஆவதாகவும் தேர்ந்தெடுத்தன. கோல்கியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கால்வேகமும் தற்காப்பும் போதாது என்பார்கள், மறுக்க முடியவில்லை. இருந்தாலும், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடமாவது அவரை இறக்கிப் பார்க்க ஓர் அணிக்குமா மனம் வரவில்லை?