கோரஸ் போட்டும் அடி கரையாத பேஸ்: முதல் ஆல்பம் இதுவரை

எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் மூன்றாவது பாட்டின் பேஸ் கிட்டார் பதிவு ஒருவழியாக அமைந்துவிட்டது. காரில் போட்டுக் கேட்டேன், வீட்டு ஸ்பீக்கரில் கேட்டேன், எங்கள் பாடகிக்கு அனுப்பினேன். "இதேதான், இனி கையை வைக்காதே" என்று பதில் வந்தது. ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டு. இந்த ஒன்று சரியாகாமல் எட்டும் நின்றுபோயிருந்தன. கோத் ராக் என்னும் இருண்ட ராக் வகையில் மெட்டைச் சுமப்பதே பேஸ்தான். அது உட்காராமல் மேலே கிட்டாரையோ குரலையோ அடுக்கிப் பயனில்லை.

சிக்கல் இதுதான். ஹெட்ஃபோனில் பேஸைத் தனியாகக் கேட்டால் கோரஸ் பெடலின் மினுமினுப்பு அவ்வளவு அழகு. ட்ரம் மெஷினின் கிக் (கால் ட்ரம் ஒலி) உள்ளே வந்ததும், கீழ் இ கம்பியில் வரும் ஸ்வரங்கள் மட்டும் திடீரென்று காணாமல் போகும், அப்புறம் தானே வீங்கித் திரும்பி வரும். டி கம்பியிலும் அதற்கு மேலும் ஒரு குறையும் இல்லை. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் போட்டோம், அசையவில்லை. ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அடியை, அதாவது தாழ்ந்த ஒலியை, தூக்கினால் மற்ற ஸ்வரங்கள் எல்லாம் குமுறின.

காரணம் கணக்கில் இருக்கிறது. கோரஸ் பெடல் செய்வது, வரும் ஒலியின் நகல் ஒன்றைச் சில மில்லிநொடி தாமதித்து, அந்தத் தாமதத்தை ஆட்டிக்கொண்டே மூல ஒலியோடு கலப்பது. கீழ் இ ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு சுழற்சி ஏறக்குறைய 24 மில்லிநொடி. பெடலின் தாமதம் 12 மில்லிநொடியைத் தொடும்போது நகல் சரியாகத் தலைகீழாக நிற்கும், மூலமும் நகலும் ஒன்றையொன்று அடித்துவிடும். அடிப்படை ஸ்வரமே அங்கே இல்லை எனும்போது கம்ப்ரஸர் எதைத் தூக்கும்? ஏ கம்பிக்கு அதே பள்ளம் 9 மில்லிநொடியில். அந்தக் கம்பி ஏன் பாதி நேரம் ஒழுங்காகவும் பாதி நேரம் சோனியாகவும் இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதனால் பேஸை இரண்டாகப் பிரித்தோம். வாசிப்பை, கிட்டாரை நேராகப் பதிவுக் கருவியோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வழியாகச் சுத்தமாக மட்டும் பதிவுசெய்தோம். அந்த டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டி, மோனோவாக நடுவில் வைத்தோம். அதே டிராக்கை, பதிந்த ஒலியைத் திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ரீஆம்ப் பாக்ஸ் வழியே வெளியே அனுப்பி, கோரஸ், ஆம்ப், மைக் என்று திரும்பப் பதிந்து, இதில் 150-க்குக் கீழே வெட்டினோம். மேல் பாதி எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும், கீழ் பாதி அசையாது.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இரண்டையும் நேர்ப்படுத்தியே ஆக வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி மைக் வைத்தால் ஒரு மில்லிநொடி போய்விடும். கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் வழியே ஒலி வெளியே போய் உள்ளே வரும் தாமதம் வேறு. 150 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 6.7 மில்லிநொடிதான். இரண்டும் சேரும் இடத்தில் மூன்று மில்லிநொடி பிசகினாலே பழைய பள்ளம் புது இடத்தில் வந்து நிற்கும். நான் கண்ட வழி: பாட்டுக்கு முன்னால் ஒற்றைக் கிளிக் ஒலி ஒன்றை வைத்து, கோரஸை அணைத்துவிட்டு அதை ரீஆம்ப் சங்கிலி முழுவதிலும் ஓட்டிப் பதிய வேண்டும். கோரஸ் ஓடினால் அளவே நகர்ந்துகொண்டிருக்கும். திரும்பி வந்த கிளிக்கைத் திரையில் பெரிதாக்கி, மூலக் கிளிக்கோடு முனைக்கு முனை சேரும்வரை டிராக்கை இழுக்க வேண்டும். கடைசியில் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் அடி கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

இணையத்தில் வாங்கிய பழைய கோரஸ் பெடல் கரகர என்று சத்தம் போடும் குமிழோடு வந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திருகித் திருகியே அதை வழிக்குக் கொண்டுவந்தோம். ஜப்பானில் தயாரான பழைய கோரஸ் பெடல்களின் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பிக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய கம்பி), கனமான பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை), கம்பிகள் முடியும் பாலத்தை ஒட்டி வலது கை. இது மூன்றும் இல்லாமல் அந்த உலோக மினுமினுப்பு வராது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லீட்ஸில். 1980-இல் இங்கே உருவான சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு தங்கள் ட்ரம் மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரிட்டு, அதைக் குழுவில் ஓர் ஆளாகவே நடத்தியது. அவர்களுடைய முதல் முழு ஆல்பம் 1985-இல்தான் வந்தது. அதுவரை சிங்கிள்களும் சில பாட்டுகளே கொண்ட ஈபிக்களுமாகப் பெரும்பாலும் சொந்த லேபிளில் வெளியிட்டு ஒலியைத் தேடினார்கள். எங்கள் வேகத்தைக் கேலி செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். நார்தாம்ப்டனின் பௌஹாஸ் குழுவும் முதல் ஆல்பத்தைத் தாங்களே தயாரித்தார்கள், 1980-இல். 1979-இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள் ஒன்பது நிமிடத்துக்கு மேல். கிட்டார் கீறலும் எதிரொலியுமாக அலைய, படியிறங்கும் பேஸ்தான் அத்தனை நேரமும் பிடித்து நிற்கிறது. நான் இந்தக் கருவியை எடுத்ததே அதைக் கேட்டுத்தான்.

அடி மோனோவாகிவிட்டதில் இன்னொரு லாபம், வினைல் இசைத்தட்டு வெட்டுவதற்கும் அதுதான் தோது. இடதுக்கும் வலதுக்கும் அடி வேறுபட்டால் ஊசி மேலும் கீழும் குதிக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம் தாண்டினால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட வேண்டிவரும். அதனால் எட்டுப் பாட்டின் வரிசையை இப்போதே மாற்றிக்கொண்டிருக்கிறோம். பணம் சேரும்வரை கேசட். குரல் பதிவு இன்னும் தொடங்கவே இல்லை, கிட்டாரிஸ்டோ கறுப்புக் காகிதத்தில் கறுப்பு மையில் ஆல்பத்தின் அட்டை அச்சடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடித்தால் பிரமாதமாக இருக்கும்.

அடுத்தது ஐந்தாவது பாட்டு. அதில் இ கம்பியை டி-க்கு இறக்கியிருக்கிறோம், 36.7 ஹெர்ட்ஸ். ட்ரம் மெஷினின் கிக்கையும் அதே ஸ்வரத்துக்கு இறக்குவதா, ஒரு ஆக்டேவ் மேலே 73-இல் விடுவதா என்று குழுவில் விவாதம் ஓடுகிறது. நான் 73-இன் பக்கம். சனிக்கிழமை இரண்டையும் பதிந்து பார்க்கிறோம்.