வீட்டுக்குப் பின்னால் இரண்டு சமாதி

கொத்தனார் கடைசிக் கல்லை வைத்துப் பூசிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை தோட்டத்து வாசலில் வந்து நின்றார். எட்டடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொன்று. "யாருக்கும்மா இது? நான் இன்னும் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். கொத்தனார் சிரிப்பை மறைக்க மறுபடியும் குழாயடிக்கே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேட்டுப்பாத்திக்குப் பெயர் சமாதிதான். "சுவரோரச் சமாதிக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்டால் யாரும் திடுக்கிடுவதில்லை.

யோசனை என்னவோ டொரண்டோவில் இருக்கும் தம்பியுடையது. படம் அனுப்பியிருந்தான். பலகை அடித்த பெட்டி, மேலே அரையடிப் பனி. மண்ணை இப்படி உயர்த்தி வைத்தால் பனி போனதும் சீக்கிரம் சூடேறுமாம். அப்படியும் மே 24-ஐ ஒட்டி வரும் விக்டோரியா நாள் வரைக்கும் தக்காளி நாற்றை வெளியே நட மாட்டார்களாம். கடலூரில் மண்ணுக்குச் சூடேற்றக் கல் கட்டினேன் என்றால் ஊர் சிரிக்கும். எனக்குக் காரணம் வேறு, தண்ணீர்.

கடலூர் செம்மண்டலத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மழை விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் தோட்டத்தில் முழங்கால் அளவு நின்றது. கத்தரி, மிளகாய், பாகல் எல்லாம் வேர் அழுகிப் போனது. வடிந்த பிறகு மதில்சுவரில் சேற்றுக் கோடு. டேப் வைத்து அளந்தேன், ஒன்றே முக்கால் அடி.

முதலில் கோட்டுக்கு மேலே, இரண்டடியாகக் கட்டத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தால், அப்படி ஒரு வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருவது. வந்தால் சமாதியும் போகட்டும். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத்தில் அரையடி நிற்குமே, அதற்கு ஒன்றரை அடி தாராளம். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்தான் எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது. தண்ணீர் வடிய, கீழ் வரிசையில் இரண்டு கல்லுக்கு ஓர் இடைவெளி விடச் சொன்னேன்.

மண்ணில்தான் கோட்டை விட்டேன். டிப்பர்காரர் கேட்டதும் யோசிக்காமல் ஒரு யூனிட் செம்மண் சொல்லிவிட்டேன். யூனிட் என்றால் 100 கன அடி. பாத்தி ஒன்றுக்கு 48 என்றால் இரண்டுக்கும் 96, சரியாகப் போச்சு என்று நினைப்பு. ஆனால் அடியில் அரையடிக்குத் தென்னை மட்டையும் சருகும் போட்டதில் 32 கன அடி அடைந்துவிட்டது. மீதி 64-இல் பாதிதான் செம்மண், கால் பங்கு தொழு உரம், கால் பங்கு ஆற்று மணல் (கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு). ஆக வேண்டியிருந்தது 32 கன அடிதான். மிச்சம் வாசலில் குவிந்து கிடந்தது. விலையை இங்கே எழுதினால் வீட்டுக்காரர் படிப்பார்.

அதாவது பரவாயில்லை. மண்ணோடு கோரைக் களையும் வந்திருந்தது. பத்தாம் நாள் பாத்தி பச்சையாக மின்னியபோது, போட்ட கீரைதான் அதற்குள் இவ்வளவு கிளம்பிவிட்டது என்று பூரித்துப் போனேன். அத்தை ஒன்றைப் பிடுங்கி அடிக்கிழங்கை முகர்ந்து பார்த்து, "குளியல் பொடிக்கு ஆகும், குழம்புக்கு ஆகாது" என்றார். கோரையைப் பிடுங்கினால் மேலே இருப்பது அறுந்து வரும், கீழே சரம் சரமாகக் கிழங்கு தங்கிவிடும். கடைசியில் மணல் சலிக்கும் சல்லடையைக் கடன் வாங்கி ஒரு பாத்தி மண் முழுவதையும் சலித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. பொறுக்கிய கிழங்குகளை மொட்டை மாடியில் காயப்போட்டேன். நன்றாகக் காய்ந்தால்தான் சாகும், ஈரத்தோடு குப்பையில் போட்டால் அங்கேயும் முளைக்கும். மண் இறங்கும்போதே ஒரு கூடை அள்ளிச் சலித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மாசிக் கடைசியில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை விதைத்தேன், கூடவே கொஞ்சம் தக்காளி. பாலூர் காய்கறி ஆராய்ச்சிப் பண்ணை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அவர்களின் பாலூர் 1 ரகக் கத்தரியும் நட்டேன். பங்குனி பாதியில் மேட்டுப்பாத்தியின் மறுபக்கம் தெரிந்தது. மழைக்குத் தண்ணீரை வடிக்கும் அதே உயரம், வெயிலில் ஈரத்தையும் வடித்துவிடுகிறது. காலையில் ஊற்றினால் மூன்று மணிக்கு மேல்மண் பொரிந்து கிடக்கும். மேற்குப் பக்கக் கல் சாயங்காலம் தொட்டால் சுடும். அதை ஒட்டி இருந்த நாற்றுகள் மட்டும் வரிசையாகக் கருகின. நம் ஆட்கள் கோடையில் பாத்தியைத் தாழ்த்தி வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கியது சும்மாவா?

கல்லை இடிக்க முடியாது. நெல்லிக்குப்பத்தில் நாத்தனார் வீட்டிலிருந்து இரண்டு கட்டு கரும்புச் சோகை கொண்டுவந்து நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டேன். மேற்குச் சுவரில் நனைத்த கோணிச் சாக்கு. அதன் மேல் பசலைக்கொடியைத் தொங்க விட்டேன், இப்போது சாக்கே தேவையில்லை. தக்காளியைக் காப்பாற்ற முடியவில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் ஆறாவிட்டால் பூ உதிரத்தான் செய்யும். வெண்டை மட்டும் கத்திரி வெயிலில் குதூகலமாகக் காய்த்தது. வாரம் இரண்டு கிலோ, பிள்ளைகள் வெண்டைக்காய் என்றாலே ஓடும் அளவுக்கு.

இப்போது ஆனி. அத்தைக்கு மூட்டு வலி, குனிந்து களை எடுத்துப் பல வருஷம் ஆயிற்று. காலையில் காபி டம்ளரோடு சமாதி விளிம்பில் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கில் கத்தரிச் செடியில் புழு பார்க்கிறார். ஆடியில் என்ன போடலாம் என்று கேட்டேன்.

"அவரை போடு. தைக்குக் காய் வரும். பந்தல் கால் இந்த ஓரமா வேணாம், நான் எங்க உட்கார்றது?"