முக்கால் லிட்டர் பால்

சின்னவள் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று கண்டுபிடித்தது அவள் அக்காதான். கட்டிலுக்குப் பின்னால், தலையணை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து கிடந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளை. அப்போது அவளுக்கு நாலு வயது.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அதனால் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "ஒரு முட்டை கொடுத்துப் பாரேன், பிள்ளை வாடிப்போய்க் கிடக்கா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "அதெல்லாம் வேண்டாம், இன்னொரு டம்ளர் பால் கொடு" என்றார் அத்தை. நான் அத்தை பேச்சைக் கேட்டேன். காலையில் ஒன்று, பள்ளிவிட்டு வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. எங்கள் டம்ளர் கால் லிட்டர் பிடிக்கும்.

டாக்டர் முதலில் உயரம் பார்த்தார். 97 சென்டிமீட்டர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டையில் நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு நடுக்கோடு 102.7. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. 2006-இல் வந்த அந்த அட்டைக்காக அளந்த ஆறு நாட்டுப் பிள்ளைகளில் டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. "குட்டைன்னு சொல்ல 94.1-க்குக் கீழே போகணும். உங்க உயரம் என்ன?" என்றார். நான் ஐந்தடிகூட இல்லை. பேச்சை மாற்றினேன்.

விஷயம் ரத்தத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 9.2, இந்த வயதுக்கு 11-ஆவது வேண்டும். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பருப்பு, கீரை, சுண்டல் என்று பெருமையாக அடுக்கினேன். "சமைக்கிறதைக் கேட்கலம்மா, உள்ளே போறதைச் சொல்லுங்க." யோசித்தால் பாதி தோசை, நாலு வாய் ரசஞ்சாதம். மீதியெல்லாம் பால்.

பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். அதிலுள்ள கால்சியம் மற்ற சாப்பாட்டின் இரும்பையும் சரியாகச் சேரவிடாது. முக்கால் லிட்டர் உள்ளே போன பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? இரும்பு குறைந்தால் சுண்ணாம்பு, மண் என்று வாய் தேடுமாம்.

அதற்காகப் பாலை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. செடிகொடியிலிருந்து வைட்டமின் பி12-ஐ நம்பி எடுக்க முடியாது; முட்டையில்லாத வீட்டுக்குப் பாலும் தயிரும்தான் வழி, அதுவும் இல்லையென்றால் மருந்துதான். பெங்களூரில் தம்பி பால், தயிர்கூடத் தொடாத வீகன் ஆகிவிட்டான், பிள்ளைக்கும் பாதாம் பால்தான். பி12 சொட்டு மருந்து கொடுக்கிறாயா என்றால் "ஸ்பைருலினா கொடுக்கிறோம்க்கா" என்கிறான். அது ஒருவகைப் பாசிப் பொடி; அதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி பி12. போனிலேயே சண்டை, ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சொட்டு மருந்து வாங்கிவிட்டான்.

இவளுக்குப் பால் அரை டம்ளராக இரண்டு வேளை. இரும்பு டானிக்கைப் பாலோடு கொடுக்காமல் எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தேன். பல் கறுத்தது, அவள் துப்பியதில் என் நைட்டியும் கறுத்தது. பத்து நாளில் தானே வந்து சுண்டல் கேட்டாள். மூன்றாம் மாதம் 11.4.

சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை, பள்ளமும் பெரிதாகவில்லை. ஆனால் நேற்று ராத்திரி அத்தை அறையிலிருந்து வந்தவளின் மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது.