பாலுக்குக் குறைவில்லை

எங்கள் பக்கம் குழந்தை மெலிந்திருந்தால் முதலில் தாயைத்தான் பார்ப்பார்கள். பாப்பாவுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, பால் பத்தலையா?" நாகப்பட்டினத்திலிருந்து பால்சுறா வந்தது. அம்மா பூண்டு உரித்துக் குவித்தார். முருங்கைக்கீரை தினமும் உண்டு. உண்மையில் பாலுக்குக் குறைவே இல்லை, ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. குடிப்பதற்குத்தான் பாப்பாவுக்குத் தெம்பு இல்லை.

இவள் எங்களுக்கு இரண்டாவது. மூத்தவன் பத்து நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். இவள் நாலைந்து மடக்கு குடிப்பாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி பிடிப்பாள். கால் மணி நேரத்தில் அப்படியே கண் சொருகிவிடும். கீழே போட்டால் அரை மணியில் பசித்து அழுவாள். திரும்பவும் அதே கதை. ஒரு நாளில் பாதி நேரம் மார்பிலேயேதான் கிடந்தாள், எடை மட்டும் ஏறவில்லை.

உரம் விழுந்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. புடவையில் போட்டு உருட்டி உரம் எடுக்கிறவர் ஒருவரை அழைத்து வரவும் கிளம்பிவிட்டார். என் மனைவிதான் வேண்டாம் என்று நின்றாள். அவள் கவனித்தது வேறு. "ஏங்க, மார்கழிக் குளிர்ல நாமெல்லாம் போத்திக்கிட்டு இருக்கோம், இவளுக்கு மட்டும் பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குது பாருங்க." உச்சந்தலை முழுக்க ஈரம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து விட்டது. மறுநாளே மன்னார்குடியில் குழந்தை மருத்துவரிடம் போனோம். நெஞ்சில் குழாயை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கிற எக்கோ எடுக்கத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்.

இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டை. விஎஸ்டி என்கிறார்கள். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பெரும்பங்கு அந்த வழியே சரிந்து, ஏற்கெனவே போய்வந்த நுரையீரலுக்கே திரும்பப் போகிறது. நுரையீரல் கனத்துப் போகிறது, மூச்சு வேகமாகிறது, இதயம் இரட்டை வேலை செய்கிறது. பிறந்தபோது பரிசோதித்தார்களே, அப்போது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருக்குமாம். அதனால் ஓட்டை வழியே அதிகம் பாயாது, சத்தமும் கேட்காமல் போகலாம். சில வாரங்களில் குழாய்கள் தளர்ந்ததும்தான் பாய்ச்சல் கூடுகிறது. எங்களுக்கு ஒன்றரை மாதத்தில் வெளிப்பட்டதற்கு அதுதான் காரணம்.

கைக்குழந்தை செய்கிற ஒரே கடும் வேலை பால் குடிப்பதுதான் என்றார் அந்த மருத்துவர். சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். மூச்சே நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டி ஓடுகிறவளுக்கு விழுங்க எங்கே இடைவெளி? அதனால்தான் என் மச்சான் சீராகக் கொண்டுவந்த வெள்ளிச் சங்கையும் ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். மருத்துவமனையில் பாலாடை என்கிற மூக்குள்ள சிறு கிண்ணத்தில் கொடுப்பது உண்டு. ஆனால் குழந்தை உறிஞ்சுகிற வேகத்துக்குத்தான் சாய்ப்பார்கள். நம் வீட்டில் மடியில் போட்டு, வாயில் ஊற்றி, அழும்போது விழுங்க வைக்கிற முறை இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம் கணக்கு. நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறவன், கணக்கு என்று வந்தால்தான் எனக்கு விஷயம் பிடிபடும். சாதாரணக் கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 கலோரியை ஒட்டி வேண்டும். இதயக் கோளாறோடு இப்படி மூச்சிரைக்கும் குழந்தைக்கு 120 முதல் 150 வரை. பாப்பா அப்போது 3 கிலோ. 140 என்று வைத்தால் 420 கலோரி. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 67 கலோரி போல இருக்கும். அப்படியானால் ஏறக்குறைய 630 மில்லி குடிக்க வேண்டும். ஆனால் நீர் அதிகமானால் நுரையீரல் தாங்காது என்று கிலோவுக்கு 150 மில்லி, அதாவது 450 மில்லிதான் அனுமதித்தார்கள். அதில் 300 கலோரிதான் வருகிறது. மீதி 120-க்கு எங்கே போவது? தாய்க்குப் பால் எவ்வளவு ஊறினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. பால்சுறா கொண்டுவந்த உறவினர்களுக்கு எல்லாம் இந்தக் கணக்கைத்தான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

பள்ளத்தை நிரப்ப அவர்கள் சொன்ன வழி, பாலைக் கெட்டியாக்குவது. முதலில் வரும் முன்பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கொழுப்பு அதிகமுள்ள பின்பாலைக் கொடுப்பது. அதில் உணவியல் நிபுணர் அளந்து எழுதிக் கொடுத்த சத்துப் பொடியும் சில துளி எண்ணெயும் சேர்ப்பது. யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகக் கலக்க வேண்டாம். அளவு தப்பினால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், இருக்கிற எடையும் போகும்.

மருந்தில் லாசிக்ஸ் இருந்தது, நீரைப் பிரிக்க. அதைத் தொடங்கியதும் எடை இன்னும் குறைந்தது, வீட்டில் அழுகை. எனக்கு மட்டும் அது ஓரளவு புரிந்தது. எங்கள் நிலையத்தில், அரசு தளர்வு அறிவித்தாலொழிய, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டோம். ஈர நெல் தராசில் எடை காட்டும், அரிசியாகாது. பாப்பாவின் எடையும் அப்படித்தான். நல்லபடியாக வளர்கிற குழந்தை முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20, 30 கிராம் கூடும். ஒரே நாளில் 100 கிராம் கூடினால் அது சதை அல்ல, நீர். உடனே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும்.

வாயால் குடிக்க அரை மணி நேரம்தான், அதற்கு மேல் போனால் குடித்ததைவிடச் செலவழிப்பது அதிகம் என்றார்கள். மிச்சம் மூக்கு வழியாகப் போட்ட குழாயில். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 55 மில்லி சொச்சம். செவிலியர் எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் தொப்புளுக்கும் நடுவரை அளந்து குறி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து, சோதனைத் தாளில் சொட்டி, அமிலம் காட்டினால்தான், அதாவது குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பால். அழுத்தித் தள்ளக்கூடாது. உள்தண்டை எடுத்துவிட்டுச் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானே இறங்கும். முகத்தில் குழாயைப் பார்த்து வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எங்களுக்கோ அது வந்த பிறகுதான் இரவில் கொஞ்சம் தூக்கம். பாப்பாவுக்கும் அப்படித்தான்.

அறுவை சிகிச்சைக்குச் சென்னை. நீடாமங்கலத்தில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினோம். நடு இரவில் கீழ் பெர்த்தில் மனைவி பாப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். எதிர் பெர்த் பெரியவர் எதுவும் கேட்காமல் எழுந்து, தன் போனில் வெளிச்சம் காட்டினார். செலவில் பெரும்பகுதி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் போயிற்று.

ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். மூச்சு எண்ணிக்கை இறங்கியது, நெற்றி வியர்வை நின்றது. பால் குடிப்பது மட்டும் உடனே வரவில்லை. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். குழாயில் வயிறு நிறைந்து பழகியவளுக்கு வாய்க்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லாமல் போயிருந்தது. காம்பைக் கண்டால் ஓங்கரித்தாள். ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார்கள். பேச்சே வராத பிள்ளைக்கு எதற்கு என்று அம்மா கேட்டார். விழுங்கக் கற்றுத் தருவதும் அவர்கள் வேலைதானாம். குழாயில் பால் இறங்கும்போதே விரலையோ, பாலைக் கறந்து எடுத்துவிட்ட மார்பையோ சப்ப விடச் சொன்னார். வாயைச் சுற்றி மெல்லத் தடவிக் கொடுக்கச் சொன்னார். கட்டாயப்படுத்தவே கூடாது, ஓங்கரித்தால் அத்துடன் நிறுத்த வேண்டும் என்றார். குழாயில் கொடுக்கிற பாலின் அளவைக் குறைத்துக் குறைத்து, பசியை வரவழைத்து, ஒருவழியாகக் குழாயை எடுத்தோம்.

இப்போது திட உணவு. கேழ்வரகுக் கூழ் நாக்கில் பட்டால் முகம் சுளிக்கிறாள், கரண்டியைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். ஆனால் நெய் விட்டு மசித்த பருப்புச் சாதத்தைக் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். சரி, கையாலேயே கொடுக்கிறோம். எடை இன்னும் வளர்ச்சி அட்டையின் கீழ்க் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் கோட்டோடு சேர்ந்து மேலே போகிறது, அது போதும் என்கிறார் மருத்துவர். அம்மாவுக்குத்தான் போதவில்லை. சங்கை எங்கே வைத்தாய் என்று என் மனைவியிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.