பல்லாவரத்துக் கல்லும் பன்னிரண்டு வாரமும்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாற்பது வயதில் நிலவியல் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடமும் பதில் இல்லை. பன்னிரண்டு வாரம், ஆன்லைன் பாடம், இரவு பத்து மணிக்கு மேல் கேட்டுக்கொள்ளலாம். சரி என்று சேர்ந்துவிட்டேன்.

புவித்தட்டுகள், எரிமலைகள் எல்லாம் கதை கேட்பதுபோலப் போயின. கனிமங்கள் வந்ததும் முழித்தேன். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கால்சைட் மூன்றுமே திரையில் ஒரே வெள்ளை. கல்லூரியில் படித்தால் கையில் ஒரு கல்லாவது கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் போட்டோ. அந்த வார அசைன்மெண்டில் பத்துக்கு மூன்று.

அப்புறம்தான் சமையலறைக்குள் போனேன். கனிமங்களின் கடினத்தைச் சொல்வது மோஸ் அளவுகோல்; எண் கூடியது, குறைந்ததைக் கீறும். அதில் விரல் நகம் 2.5, கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. காலி ஊறுகாய் பாட்டிலை எடுத்து, தெருவில் பொறுக்கிய வெங்கச்சங்கல்லால் இழுத்தேன். கரகரவென்று கீறல் விழுந்தது. தரை போட்டு மிஞ்சிய மார்பிள் துண்டு வழுக்கிக்கொண்டு போனது. அதையே கொஞ்சம் பொடித்து, நூடுல்ஸுக்கு வாங்கிய வினிகரை விட்டதும் பொசபொசவென்று நுரைத்தது. முன்னது குவார்ட்ஸ், பின்னது கால்சைட். ஆர்வத்தில் அடுப்பு மேடையிலும் கீறிப் பார்த்தது மட்டும் தப்பு. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது.

உருமாறிய பாறைகள் வந்த வாரம் ஆசிரியர் ‘சார்னகைட்’ என்ற பாறையில் ஆரம்பித்து, ‘பல்லாவரம்’ என்றார். நான் பிறந்து வளர்ந்த ஊர்! பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயராம். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. நாம் எல்லாவற்றையும் ‘கருங்கல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மறுநாள் காலை வாசற்படியின் உடைந்த மூலையில் தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம், நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். அதன் மேல் உட்கார்ந்துதான் நாற்பது வருஷம் செருப்பு மாட்டியிருக்கிறேன்.

கணக்குக்குப் பயந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வர்க்கமூலம் தெரிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சுனாமியின் வேகம் காண ஆழத்தை (மீட்டரில்) 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கச் சொன்னார்கள். வருவது நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு; அதை மணிக்கு கிலோமீட்டராக மாற்றிக்கொண்டேன். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36, டவுன் பஸ் வேகம். அலையின் வேகமாக வரும் பின்பகுதி, வேகம் குறைந்த முன்பகுதியை நெருக்குவதால்தான் கரையருகில் அலை எழும்புகிறது. 2004 டிசம்பர் 26 அன்று மெரினாவில் நடந்ததை டிவியில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! இது புரிந்தது ஒரு நோட்டுப் பக்கத்தில்தான்.

தேர்வுக்கு முன் பத்து நாள் வீடியோக்களை மூடிவிட்டு, பாறைச் சுழற்சியையும் நில அதிர்வு அலைகளையும் பார்க்காமல் வரைந்து பழகினேன். 64 வந்தது. சார்னகைட் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.