ஒரே பெட்டிக்குள் இரண்டு அடுப்பு: வன்னிக் குசினியில் மைக்ரோவேவ் ஓவன்

மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்து வரும் 25, 30 லீற்றர் பெட்டியை வாங்குகிற பலர் அதை ஒரு சாமானாகத்தான் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது இரண்டு அடுப்பு. மேலிருந்து வாட்டுகிற கிறில்லையும் சேர்த்தால் மூன்று. மைக்ரோவேவில், மக்னற்றோன் என்ற குழாய் 2.45 கிகாஹேர்ட்ஸ் அலையை உள்ளே அனுப்பி, சாப்பாட்டில் உள்ள நீரைச் சூடாக்கும். பெட்டியின் சுவர் பெரிதாகச் சுடாது. கன்வெக்சன் என்று எழுதியிருக்கும் ஓவன் முறையில், பின்சுவருக்கு அப்பால் உள்ள சுருள் சூடேற, விசிறி அந்தக் காற்றைச் சுழற்றும். சுவர், தட்டு, கதவுக் கண்ணாடி எல்லாமே கை வைக்க முடியாதபடி சுடும். ஒன்றில் சரியான பாத்திரம் மற்றதில் ஆபத்து. இந்தப் பெட்டிகளில் நடக்கிற சேதங்களில் பெரும்பகுதி, ஒரு முறையின் பழக்கத்தை அடுத்த முறைக்குக் கொண்டுபோவதால் வருவதுதான்.

ஆனால் பெட்டியை வைக்கமுன், அதைக் கொழுவப்போகிற சுவர்ப் பொயின்ற்றைப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கத் தகட்டில் மூன்று எண்கள் இருக்கும்: மைக்ரோவேவ் வெளியீடு, மைக்ரோவேவ் உள்ளீடு, ஓவன் உள்ளீடு. மட்டைப்பெட்டியில் பெரிதாக 900 வாற் என்று இருந்தால் அது வெளியீடு மட்டும். அந்த 900ஐத் தர மைக்ரோவேவ் 1400 வாற் அளவில் இழுக்கும். ஓவன் முறைக்கு மாற்றினால் அதே பெட்டி 2200 முதல் 2500 வாற் வரை போகும். 2500ஐ 230 வோல்ற்றால் வகுத்தால் ஏறத்தாழ 11 அம்பியர். இதைப் பழைய 5 அம்பியர் வட்டமுள் பொயின்ற்றில் அடப்ரர் போட்டுக் கொழுவினால், கறி சூடாக்குகிற இரண்டு நிமிடத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். கேக் வேகிற நாற்பது நிமிடத்தில்தான் பொயின்ற் இளகத் தொடங்கும். "இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அவ்வளவு நாளும் ஓடியது வேறு அடுப்பு.

மீள்குடியேறிக் கட்டிய வீடுகளில், லைற்றுக்கும் விசிறிக்கும் இழுத்த வயரிலேயே பிறகு குசினிப் பொயின்ற்றைச் சேர்த்த இடங்கள் உண்டு. அந்த வயர் இந்தப் பாரத்தைத் தாங்காது. மெயின் போட்டிலிருந்து 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு, எர்த் வயரோடு தனியே ஒரு 13 அம்பியர் சதுரமுள் பொயின்ற்றுக்கு வரவேண்டும். மல்ரி பிளக், எக்ஸ்ரென்சன் கோட் இரண்டும் வேண்டாம். ஓவனை இருபது நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்திப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு, கறுத்த முள், எரிந்த மணம் என்றால் பொயின்ற்றை மாற்றும்வரை ஓவன் முறையைத் தொடவேண்டாம். வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ் 30 அம்பியர் என்றால் ஓவன், கேத்தல், கிணற்று மோட்டர், அயன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதையும் தவிருங்கள்.

எர்த் விசயத்தில் எங்கள் நிலம் ஒரு வஞ்சகம் செய்யும். மாரியில் நன்றாக வேலைசெய்கிற எர்த் கம்பி, ஆடி, ஆவணியில் மண் அடிவரை காய்ந்தபின் சரியாகப் பிடிக்காது. ஈரம் இல்லாத மண்ணில் மின் தடை கூடும் என்பதுதான் காரணம். மணல் நிலமென்றால் இன்னும் மோசம். அதனால் எர்த்தைச் சோதிக்க வேண்டிய காலம் கோடைதான். கம்பி ஆழமாக, குளியல் தண்ணீரோ வாழைப்பாத்தித் தண்ணீரோ ஓடுகிற பக்கமாக இருப்பது நல்லது. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது வோல்ற் இறக்கம். ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் பின்னேரம் விளக்கு மங்குவது எல்லாருக்கும் தெரியும். சூடேற்றும் சுருளின் வலு வோல்ற்றின் வர்க்கத்தோடு இறங்கும்: 230 வோல்ற்றில் 2500 வாற் தருகிற சுருள் 200 வோல்ற்றில் 1900 வாற்றுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். கேக் நடுவில் அமுங்கிப்போவதற்கு மாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஓவன் வேலையைக் காலையில் அல்லது மதியத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவின் உண்மையான வலுவை வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு வெப்பமானியால் அளந்து, முழு வலுவில் சரியாக 2 நிமிடம் வைத்து, கிளறி மறுபடி அளந்து பாருங்கள். கூடிய பாகையை 35ஆல் பெருக்கினால் வாற் வரும். 900 வாற் பெட்டியில் 22 முதல் 25 பாகை கூடும். 15 பாகைதான் கூடுகிறது என்றால் வோல்ற் குறைவு, அல்லது மக்னற்றோன் தளர்ந்துவிட்டது. காலையிலும் இரவிலும் செய்துபார்த்தால் எது என்று பிரியும்.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கைநூலில் வேறு அளவு இல்லையென்றால் மேலே 20, பின்னே 10, பக்கங்களில் 5 சென்ரிமீற்றராவது விடுங்கள். மேலே பின்னல் விரிப்பும் பூச்சாடியும் வைப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். இந்தப் பெட்டிக்கு மட்டும் அது கூடாது. வேலை முடிந்தபின்னும் உள்விசிறி சில நிமிடம் ஓடும். அது மின்சுற்றுப் பலகையைக் குளிர்விக்கிறது. அது நிற்கும்வரை சுவர் சுவிட்சை நிறுத்தவேண்டாம்.

புதுப்பெட்டி என்றால், யன்னலைத் திறந்துவிட்டு, ஓவன் முறையில் 200 பாகையில் வெறுமனே 15 நிமிடம் ஓடவிடுங்கள். சுருளில் பூசிய எண்ணெய் புகைந்து போய்விடும். மைக்ரோவேவ் முறையில் வெறுமனே ஒரு நிமிடமும் ஓடவிடக் கூடாது. உள்ளே குடிக்க ஆளில்லாத அலை மக்னற்றோனுக்கே திரும்பி அதைச் சூடாக்கும். ஒரே பெட்டிக்கு இரண்டு நேரெதிரான விதி.

பாத்திரத்திலும் இப்படித்தான். சில்வர் தட்டு, அலுமினியக் கேக் தட்டு ஓவன் முறைக்கு மட்டும். பொன்வரி போட்ட தேநீர்க் கோப்பை மைக்ரோவேவில் பொறி தட்டும். மெலமைன் தட்டு சூடேறி வெடிப்பு விழும். கடைச் சோறு சுற்றிவந்த லஞ்ச் சீற், ரிஜிபோம் பெட்டி இரண்டுமே எந்த முறையிலும் உள்ளே போகக்கூடாது. ஒரு பாத்திரம் மைக்ரோவேவுக்குப் பொருந்துமா என்று தெரியாவிட்டால் அதன் பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் குளிர்ந்திருந்தால் பாவிக்கலாம். உலோகப் பாத்திரத்துக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

பலர் கவனிக்காமல் விடுவது இது: ஓவனில் கோழி வெந்து முடிந்த கையோடு, மைக்ரோவேவுக்கு மாற்றிச் சொதியைப் பிளாஸ்ரிக் பெட்டியில் சூடாக்குவது. மைக்ரோவேவுக்கு ஏற்ற பிளாஸ்ரிக்தான், ஆனால் சுழல்தட்டு இன்னும் 150 பாகைக்கு மேல் நிற்கலாம். பெட்டியின் அடி இளகித் தட்டில் ஒட்டும். அரைமணி நேரம் ஆறவிடுங்கள், அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். சுட்ட சுழல்தட்டைத் தண்ணீரில் கழுவினாலும் அது பிளந்துபோகும். இரண்டும் சேர்ந்து ஓடுகிற கூட்டு முறையில் வெப்பந்தாங்கும் கண்ணாடியும் பீங்கானும்தான் நம்பிக்கையானவை. இரும்புத் தாங்கி பெட்டியோடு வந்ததாக இருக்கவேண்டும், சுவரைத் தொடக்கூடாது. தட்டின் கீழே சுழல்கிற வளையம் உடைந்தால் சாதாரண மைக்ரோவேவ் வளையத்தை வாங்கிப் போடாதீர்கள். அதன் சில்லுகள் ஓவன் சூட்டைத் தாங்குமென்று உறுதியில்லை.

சமையலுக்கு வருவோம். இடியப்பம், பிட்டு, சோறு மூன்றும் மைக்ரோவேவில் காய்ந்துபோகும். 250 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, தளர்வாக மூடி, 900 வாற்றில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். பாதியில் ஒருமுறை கிளறுங்கள், முடிந்தபின் ஒரு நிமிடம் மூடியே விடுங்கள். நடுவில் ஆவி பறக்கவேண்டும். காலையில் வடித்த சோறு எங்கள் வெக்கையில் பின்னேரம்வரை வெளியே கிடந்திருந்தால் அதைச் சூடாக்கிப் பயனில்லை. சோற்றில் வளர்கிற ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு சூட்டில் அழியாது. முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், அவித்ததையும் வைக்காதீர்கள். வெளியே எடுத்தபின்னும் வெடிக்கும். வெறும் தண்ணீர் கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டி நின்று, தேயிலையைப் போட்டவுடன் முகத்தில் பொங்கும். மரக்கரண்டி ஒன்றை உள்ளே விட்டு வைத்து, எடுக்கமுன் அரை நிமிடம் பொறுங்கள். குழந்தையின் பால்போத்தலை இதில் சூடாக்கவேண்டாம். போத்தல் குளிராக இருக்க நடுப்பால் நாக்கைச் சுடும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கச்சானை வறுக்க மைக்ரோவேவைவிட ஓவன்தான் நல்லது. ஈரம் குறைந்த பருப்பு மைக்ரோவேவில் உள்ளே கருகி, வெளியே ஒன்றும் காட்டாது. ஓவனில் 160 பாகை, ஒற்றைப் படையாகப் பரப்பி 15 முதல் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறவேண்டும். செத்தல் மிளகாயை எந்த முறையிலும் வறுக்காதீர்கள். புகை தொண்டையை அடைக்கும், தீயும் பிடிக்கும்.

பெரிய ஓவனுக்கு 180 பாகை என்று எழுதிய கேக்கை இங்கே 160க்கு வையுங்கள். காற்று சுழல்வதால் சூடு வேகமாக ஏறும். 10 நிமிடம் முற்சூடு, தாழ்ந்த தாங்கி, 18 முதல் 20 சென்ரிமீற்றர் தட்டு. சுவருக்கும் தட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் காற்று ஓடாது, பின்பக்கம் கருகி முன்பக்கம் வேகாமல் நிற்கும். 1.2 கிலோக் கோழிக்கு ஓவனில் 190 பாகையில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். தொடையின் தடித்த இடத்தில் 75 பாகை வரவேண்டும். கீழே கொழுப்பு ஏந்தும் தட்டு கட்டாயம்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் காற்றில்லாமல் அதுவே அணையும்.

துப்புரவும் இரண்டு வகை. மைக்ரோவேவில் தெறித்த கறிக்கு, ஒரு கோப்பைத் தண்ணீரில் தேசிக்காய் ஒன்றை வெட்டிப் போட்டு 4 நிமிடம் கொதிக்கவிட்டு, 5 நிமிடம் மூடிவைத்துத் துடைத்தால் போதும். ஓவன் முறையில் சுட்டு இறுகிய கொழுப்புக்கு இது பற்றாது. அப்பச்சோடா மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு குழைத்து, குளிர்ந்த சுவரில் பூசி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். விசிறித் துளை, கிறில் சுருள், வலப்பக்கச் சுவரில் உள்ள மைக்காத் தகடு இவற்றில் படக்கூடாது. கம்பி உரஞ்சி வேண்டவே வேண்டாம். உதிர்ந்த ஒரு சிறு கம்பி அடுத்தமுறை மைக்ரோவேவில் பொறியாகும். துடைத்தபின் ஓவன் முறையில் 10 நிமிடம் காயவிடுங்கள்.

மைக்காத் தகடு அலை வருகிற வாசலை மூடியிருப்பது. எண்ணெய் ஊறிக் கருகினால் அங்கேதான் முதலில் பொறி தட்டும். கறுத்த புள்ளி கண்டவுடன் அதே அளவில் மாற்றுங்கள். மட்டையையோ பிளாஸ்ரிக்கையோ வெட்டி அடைக்காதீர்கள், தகடில்லாமலும் ஓட்டாதீர்கள். கதவின் உள்விளிம்பில் கொழுப்புப் படிந்து கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் அலை கசியும். வெளியே 5 சென்ரிமீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாற்றுக்கு மேல் கசியக்கூடாது என்பது வரம்பு. வளைந்த கதவு, தளர்ந்த பிணைச்சல், வெடித்த கண்ணாடி என்றால் பாவனையை நிறுத்துங்கள்.

எறும்பும் பல்லியும் மின்சுற்றுப் பலகைக்குள் போய்ச் சோட் ஆக்குவது இங்கே அடிக்கடி நடப்பது. காற்றுத்துளைகளைத் துணியாலோ நுளம்பு வலையாலோ அடைத்தால் பெட்டி சூடேறிக் கெடும். பூச்சி மருந்து விசிறுவது இன்னும் ஆபத்து. மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துங்கள், சீனிப்பாகு சிந்தினால் அன்றே துடையுங்கள். பின்வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு வானம் கறுக்கமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கியபின் பொயின்ற்றைத் தொடாதீர்கள். கறண்ட் நின்றாலும் சுவிட்சை நிறுத்தி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மாரி முழுக்கப் பாவிக்காமல் வைத்த பெட்டியில் மைக்ரோவேவ் ஓடும், ஓவனுக்கு மாற்றியவுடன் ட்ரிப் சுவிட்ச் விழும். சுருளுக்குள் உள்ள மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் ஈரத்தை இழுத்து மின்னைக் கசியவிடுவதுதான் காரணம். எர்த்தைக் கழற்றி ஓட்டச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். காவலிடல், அதாவது மின் கசியாமல் தடுக்கிற தன்மையை அளக்கிற கருவி வைத்திருப்பவர் சுருளை அளந்து, உலர்த்துவதா மாற்றுவதா என்று சொல்வார். கிழமைக்கு ஒருமுறை கால்மணி நேரம் ஓவனைப் போட்டால் இது பெரும்பாலும் வராது.

மூடியைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னைச் சேமிக்கிற கொள்ளளவியில் (கப்பாசிற்றர்) 2000 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். உள்பியூஸ் எரிந்தால் கம்பி சுற்றி விடுகிற பழக்கமும் வேண்டாம். அது பெரும்பாலும் கதவுச் சுவிட்சுகளோ கொள்ளளவியோ பழுதானதற்கான அடையாளம். திருத்துநரிடம் போகும்போது மொடல் இலக்கத்தைப் படம் எடுத்து, எந்த முறையில், எத்தனை நிமிடத்தில், என்ன சத்தத்தோடு நின்றது என்று எழுதிக்கொண்டு போங்கள். மைக்ரோவேவ் பக்கமா, ஓவன் பக்கமா என்று அவர் அதிலிருந்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்.